‘பெர்செவெரான்ஸ்’ கப்பலில் நான் இறந்த விபரம்

லாசால், மொன்றியல்
நவம்பர் 6

அன்புள்ள ஞானேந்திரன் அண்ணைக்கு,

நலம் என்று எழுதுவதற்கு முன் இன்னொன்றை எழுத வேண்டியிருக்கிறது. நான் சாகவில்லை.

கறுப்புக் கரையிட்ட உறையில் உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். மேலே தங்க நிறத்தில் நங்கூரம், கீழே காப்டன் லபோந்தேயின் கையெழுத்து. மூன்றாம் வகுப்புக் கரிமாலுமி உருத்திரமூர்த்தி ஒக்டோபர் 26ஆம் திகதி சனிக்கிழமை முற்பகல் 10.42 மணிக்கு அத்திலாந்திக் சமுத்திரத்தில் விழுந்து இறந்தார் என்று இரண்டு மொழியில் எழுதியிருக்கும். அந்தக் கடிதம் போலி அல்ல. உண்மையான காரியாலயத்திலிருந்து உண்மையான முத்திரையோடு வந்ததுதான். அதிலுள்ள செய்தி மாத்திரம் பிழை. அண்ணியை எனக்குத் தெரியும். கடிதம் கண்ட அன்றே துக்கத்துக்கு மச்சம் விலக்கி, மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். தயவுசெய்து நிமிர்த்தச் சொல்லுங்கள்.

இதைத் தொலைபேசியில் சொல்லத்தான் முயன்றேன். என் பழைய போன் என்னிடம் இல்லை, காரணம் பின்னால் வரும். புது இலக்கத்திலிருந்து எடுத்தேன். அண்ணி, “ஹலோ, ஆர் கதைக்கிறது?” என்றார். “நான் உருத்திரமூர்த்தி” என்றேன். வின்னிபெக்கில் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. இரண்டாம் முறை எடுத்து, “அண்ணி, பயப்பிடாதேங்கோ, நான் கந்தோர்ப் பேப்பரிலைதான் செத்தனான்” என்றேன். அதற்குப் பிறகு உங்கள் இலக்கம் வேலை செய்யவில்லை. ஆகவே எழுதுகிறேன். எழுதினால் நடந்தது நடந்த ஒழுங்கிலேயே வரும்.

நான் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்கிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். சென்ற வைகாசியில் கடைக்காரர் கடையை மகளிடம் கொடுத்தார். மகள் அதைப் பூக்கடை ஆக்கினார். பூவுக்கு என் கை பாரம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் றொக்சன் வந்தான். மன்னார்க்காரன், பழைய துறைமுகத்தில் நிற்கும் ‘பெர்செவெரான்ஸ்’ என்ற பழைய போர்க்கப்பலில் ரிக்கற் விற்கிறவன். “அண்ணை, கப்பல் கூட்டித் துடைக்க ஆள் தேடினம். வாறியளோ?” என்றான்.

அது 1908இல் கட்டிய குரூசர். மூன்று புகைபோக்கி, பதினொரு பீரங்கி. முதலாம் உலகப் போர் முழுவதும் கடலில் நின்றும் ஒரு எதிரியைக்கூடக் காணவில்லையாம். ஒரேயொரு தரம் சுட்டதாம். குண்டு சொந்த நங்கூரத்தில் பட்டதாம். அந்த நங்கூரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். இப்போது கப்பல் நான்கு சங்கிலியால் கரையோடு கட்டியபடி நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மரபுக் கப்பல் சபை இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கப்பலில் எல்லாம் 1910ஆம் ஆண்டில் நடந்தபடியே நடக்க வேண்டும் என்பது சபையின் விதி. கூட்டித் துடைக்கிறவன் என்றொரு பதவி 1910இல் இல்லை. ஆகவே என்னைக் கரிமாலுமி ஆக்கினார்கள்.

நேர்முகத் தேர்வில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் காப்டன் லபோந்தே. ஓய்வு பெறுவதற்கு முன் முப்பத்தொரு வருடம் மெத்தைக் கடை முகாமையாளர். இப்போதும் கப்பலில் ஒரு தொங்குபடுக்கையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்க்காமல் கடந்துபோக மாட்டார். மற்றவர் லெப்டினன்ட் மதாம் பிலோடோ. முன்பு பாடசாலை பஸ்களுக்கு நேர அட்டவணை போட்டவர்.

“கடல் அனுபவம் உண்டா?” என்று காப்டன் கேட்டார்.

“மூன்று மாதம்” என்றேன்.

“எந்தக் கப்பல்?”

“சரக்குக் கப்பல். பசிபிக் சமுத்திரம்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எத்தனை பேர்?”

“நானூறு பேர்.”

“நானூறு! படுக்கை?”

“முறை வைத்துப் படுத்தோம். நான் நாலு மணித்தியாலம், பிறகு அதே இடத்தில் ஞானேந்திரன் என்பவர் நாலு மணித்தியாலம்.”

“உணவு?”

“பிஸ்கற். தண்ணீர் போத்தல் மூடியால் அளந்து தருவார்கள்.”

காப்டன் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். “மதாம், நாம் பல வருடமாக இந்தக் கப்பலில் உண்டாக்க முயலும் வாழ்க்கை இது. எவ்வளவு செலவிட்டும் எங்களால் முடியவில்லை. இவர் அதை இலவசமாக அனுபவித்திருக்கிறார்! நீர் பெருமைப்பட வேண்டும்.”

அந்தக் கப்பலில் பெருமைப்பட இடம் போதாமல் இருந்தது என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

படிவத்தில் ‘கனடாவிலுள்ள நெருங்கிய உறவினர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டேன். மனைவி புஷ்பராணி அப்போது ஊரில், கரவெட்டியில். வேறு யாரைப் போடுவது?

முதல் நாள் காலை ஒன்பதுக்கு எல்லோரையும் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். மொத்தம் இருபத்து மூன்று பேர். பெயர் வந்தால் ‘ப்ரெஸான்’, அதாவது வந்திருக்கிறேன் என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டுமாம். என் பெயரை மதாம் பிலோடோ நான்கு துண்டாக உடைத்துக் கூப்பிட்டார். என் வாயில் வந்தது ‘ஓம்’. அவர் பேனையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு ஏதோ எழுதினார். அடுத்த நாளும் ஓம் என்றேன், அடுத்த நாளும் எழுதினார். மூன்றாம் நாள் றொக்சன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனான்.

“அண்ணை, பிரெஞ்சில ‘ஓம்’ எண்டா ஆம்பிளை, ஆள், மனிசன். அவ உங்கட பேரைக் கூப்பிட, நீங்கள் விறைச்சுக்கொண்டு நிண்டு ‘ஆம்பிளை!’ எண்டு கத்துறியள். ஆர் உங்களை இல்லையெண்டது?”

“அப்ப அவ என்னடாப்பா எழுதினவ?”

“‘ஆண் என மறுபடியும் உறுதிப்படுத்தினார்’ எண்டு.”

நாற்பத்தொன்பது வருடமாக வாய்க்குள் இருக்கிற சொல், அண்ணை. அதைக் கழற்றி வெளியே வைக்க முடியுமா? ஆம் என்பதற்கு அவர்கள் சொல்கிற ‘வுய்’யைப் பழகிப் பார்த்தேன். நிதானமாக இருக்கும்போது ‘வுய்’ வரும். மனம் நிறைந்தாலும் பதறினாலும் ‘ஓம்’தான் வரும்.

என் வேலை கீழே கொதிகலன் அறையில். அங்கே நெருப்பு மூட்டக் கூடாது. சிவப்பு மின்குமிழ் போட்ட அடுப்புகள் இருக்கின்றன. காலையில் இடப்பக்கக் கிடங்கிலுள்ள நிலக்கரியை வலப்பக்கத்துக்கு அள்ளுவேன். பிற்பகலில் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு அள்ளுவேன். பார்வையாளரின் உடுப்பில் கரி பிடிக்கக் கூடாதென்று ஒவ்வொரு கட்டிக்கும் வார்னிஷ் அடித்திருக்கிறது. ஒருநாள் பிற்பகல் அள்ள மறந்துவிட்டேன். ‘கப்பல் வலப்பக்கம் ஆபத்தாகச் சரிந்தது’ என்று பதிந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள்.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலில் காப்டனுக்கு மேலே உள்ளது அது ஒன்றுதான். தோல் அட்டை, கறுப்பு மை. 1911க்குப் பிறகு அதில் ஒரு எழுத்தும் வெட்டப்படவில்லை என்பது சபையின் பெருமை. பதிவேட்டின்படி கப்பல் நடுச்சமுத்திரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் தினமும் ரிக்கற் எடுத்து ஏறுகிற சனம் யார்? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ‘பறவைகள் தென்பட்டன, 46’ என்று எழுதுவார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் ‘சிறு பறவைகள், இரைச்சல் மிகுதி.’ மாலை ஐந்து மணிக்கு நாங்கள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவது ‘மாலுமிகள் கீழ்த்தளத்தில் உறங்கச் சென்றனர்.’ காப்டன் காரில் ஏறிக் கர்க்லாண்டிலுள்ள தன் வீட்டுக்குப் போவது ‘காப்டன் தமது அறைக்குச் சென்றார்.’

எனக்கு இதிலெல்லாம் ஒரு முறைப்பாடும் இல்லை. வேலை வேலைதான். பிரச்சினை செப்ரெம்பரில் வந்தது. புஷ்பராணிக்கு விசா கிடைத்துவிட்டது.

பதினான்கு வருடம், அண்ணை. உங்களுக்கு நான் எண்ணிக் காட்டத் தேவையில்லை. ஒக்டோபர் 26 சனிக்கிழமை பிற்பகல் 2.40க்கு ரொறன்ரோவிலிருந்து வரும் விமானத்தில் வந்து இறங்குகிறாள். ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. “வெளியில வந்தவுடனை உங்கட முகத்தைத்தான் நான் பாக்கோணும். வேற ஆரையும் அனுப்பக் கூடாது” என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை எனக்கு ஐந்து மணி வரை வேலை.

விடுப்புக் கேட்பவர்கள் வியாழக்கிழமை வரிசையில் நிற்க வேண்டும். தொப்பியைக் கழற்றி, இரண்டு அடி முன்னுக்கு வைத்து, கோரிக்கையைச் சொல்ல வேண்டும். நான் எழுத்திலும் கொண்டுபோயிருந்தேன். பெறுநர், ஊடாக, விடயம் எல்லாம் முறைப்படி இருந்தது.

காப்டன் அதை வாசித்தார். “கரை விடுப்பு கேட்கிறீர். கரை எங்கே இருக்கிறது, கரிமாலுமி?”

நான் கையைக் காட்டினேன். யன்னலுக்கு வெளியே இருபது அடி தூரத்தில் ஐஸ்கிறீம் வண்டி நின்றது. அதற்கு அப்பால் பெரிய இராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

மதாம் பிலோடோ வரைபடத்தை விரித்தார். “கப்பல் இப்போது ஹலிபக்ஸுக்குக் கிழக்கே 312 கடல் மைல்.”

“கேட்டீரா?” என்றார் காப்டன். “கண்ணுக்குத் தெரிவதை வைத்துக் கப்பல் நடத்தினால் நாம் எங்கே போய்ச் சேருவோம்?”

“எப்போது கரை வரும், சேர்?”

“டிசம்பர் 12. சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டம். அன்று துறைமுகம் அடைவோம். சான்ட்விச் உண்டு.”

“என் மனைவியைக் கண்டு பதினான்கு வருடம்.”

காப்டனின் முகம் இளகியது. “1910இல் இந்தக் கப்பலின் மாலுமிகள் இரண்டு வருடம் மனைவியரைக் காணாமல் இருந்தார்கள். ஒருவராவது விடுப்புக் கேட்டதாகப் பதிவு இல்லை.”

“கேட்டதைப் பதியவில்லையோ?”

“கேட்பவற்றைப் பதியப் பதிவேட்டில் இடம் இல்லை” என்றார் மதாம் பிலோடோ.

வெளியே வந்து றொக்சனிடம் சொன்னேன். “சும்மா இறங்கிப் போங்கோவன் அண்ணை, ஆர் பிடிக்கிறது? கப்பல் ஓடேல்லைத்தானே” என்றான். அது கப்பலை விட்டு ஓடிய குற்றம். உடனே வேலை போகும். புஷ்பராணியை மூன்று வருடம் நான் பார்த்துக்கொள்வேன் என்று கியூபெக் அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அவள் வந்து இறங்குகிற அன்று வேலையை விட்டு ஓடினவன் என்ற பெயரோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. சுகவீனம் என்று சொல்லிப் பார்த்தேன். கப்பல் வைத்தியர் பார்க்க வேண்டும் என்றார்கள். கப்பல் வைத்தியர் பதவி 1914இலிருந்து வெற்றிடம். அதுவரைக்கும் குடியும் என்று ஒரு போத்தல் தேசிக்காய்ச் சாறு தந்தார்கள்.

சனிக்கிழமையும் வந்தது. புஷ்பராணிக்கென்று வாங்கிய குளிர் ஜாக்கெட்டை வேலைக்குக் கொண்டுபோய் என் பெட்டிக்குள் வைத்தேன். நீல நிறம், தொப்பி வைத்தது. எப்படி விமான நிலையத்துக்குப் போவேன் என்று தெரியாது. ஆனால் ஜாக்கெட் தயாராக இருந்தது.

கப்பலில் போன் வைத்திருக்கக் கூடாது. அதோடு கொதிகலன் அறைக்குள் சிக்னலும் இல்லை. ஒரேயொரு இடத்தில் வரும். அறையின் மூலையில் பித்தளைக் குழாய் ஒன்று இருக்கிறது. மேலே காப்டன் நிற்கிற கட்டளையறையிலிருந்து கீழே பேசுவதற்கு அந்தக் காலத்தில் வைத்தது. அதன் வாய்க்குப் பக்கத்தில் தலையை வைத்தால் இரண்டு கோடு சிக்னல் வரும். ரொறன்ரோவில் இறங்கி எடுப்பேன் என்று அவள் சொல்லியிருந்ததால் பத்து மணியிலிருந்து குழாய்க்குள் தலையை வைத்தபடி கரி அள்ளினேன். 10.42க்கு மணி அடித்தது.

“இஞ்சாருங்கோ, நான் ரொறன்ரோவில நிக்கிறன். கேக்குதோ?”

“ஓம்.”

“பெட்டி ரெண்டும் வந்திட்டுது. நீங்கள் எயாப்போட்டுக்கு வாறியள்தானே?”

“ஓம்.”

“உங்கட ஓம் வடிவாக் கேக்கேல்லை. வருவியளோ, வராமல் விடுவியளோ? எனக்குச் சத்தியம் பண்ணிச் சொல்லுங்கோ.”

பதினான்கு வருடத்தையும் சேர்த்து அடி வயிற்றிலிருந்து கத்தினேன். “ஓம்! ஓம்! ஓம்!”

குழாயின் மற்றப் பக்கத்தில் காப்டன் நின்றார். கப்பலின் அடியிலிருந்து ஒரு குரல் ‘மனிசன்! மனிசன்! மனிசன்!’ என்று அலறினால் கடற்படையில் அதற்கு ஒரு பொருள்தான். ஆள் கடலில் விழுந்துவிட்டான். முப்பத்தொரு வருடம் மெத்தை விற்றுக்கொண்டே அவர் இந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தார். மணி அடித்தது. சங்கு ஊதியது. மதாம் பிலோடோ பதிவேட்டைத் திறந்து, ‘10.42. ஆள் கடலில் விழுந்தார்’ என்று எழுதி, மை ஒற்றும் தாளால் ஒற்றியும்விட்டார்.

நான் மேலே ஓடிப்போனபோது உயிர்காப்பு வளையத்தை எறிந்திருந்தார்கள். அவசரத்தில் கரைப்பக்கமாக எறிந்ததால் அது ஒரு ஐஸ்கிறீம் சாப்பிட்டவரின் தோளில் விழுந்து அவரைக் காப்பாற்றியிருந்தது. மற்றப் பக்கத்தில் மீட்புப் படகை இறக்கினார்கள். அந்தப் படகு மரபுச் சின்னம். தண்ணீர் பட்டால் வார்னிஷ் போகும், மூன்று குழுக்களின் அனுமதி தேவை. ஆகவே நீருக்கு இரண்டு சாண் மேலே நிறுத்தினார்கள். ஆறு பேர் ஏறியிருந்து கால் மணித்தியாலம் காற்றில் துடுப்புப் போட்டார்கள். பறவைகள் கைதட்டின.

பிறகு பெயர் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று பேரும் இருந்தோம். திரும்பக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று. மூன்றாம் முறையும் அதே கணக்கு வந்தபோது காப்டன் எங்களைப் பார்த்த பார்வையில், விழாமல் நின்ற எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது.

உடனே விசாரணைக் குழு கூடியது. மேசைக்குப் பச்சைத் துணி விரித்தார்கள். மொழிபெயர்க்க றொக்சனை ரிக்கற் கூண்டிலிருந்து கூட்டிவந்தார்கள். கத்தியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். “எங்கள் மொழியில் ஓம் என்றால் ‘வுய்’. நான் என் மனைவிக்கு ‘வுய்’ சொன்னேன். ஒருவரும் விழவில்லை. அந்த வரியை வெட்டிவிட்டால் சரி” என்று தெளிவாகச் சொன்னேன்.

வெட்டுவது என்ற சொல்லைக் கேட்டதும் மதாம் பிலோடோ பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

காப்டன் எழுந்தார். “இந்தக் கப்பலில் ‘ஆம்’ என்று சொல்ல இரண்டு உத்தியோக மொழிகள் உண்டு. மூன்றாவது ஆமுக்கு ஏற்பாடு இல்லை. உமது வாயிலிருந்து எந்த மொழி புறப்பட்டது என்பது உமது தனிப்பட்ட விடயம். கட்டளையறைக்கு வந்து சேர்ந்தது பிரெஞ்சு. ஒரு கப்பல் ஒரு ஆளை இழக்கலாம். அது கடலின் இயல்பு. ஆனால் ஒரு கப்பல் ஒரு வரியை இழக்க முடியாது. ஆகவே ஒருவர் விழுந்திருக்கிறார். யார் என்பது மட்டுமே கேள்வி.”

மணி பன்னிரண்டு இருபது. இரண்டு நாற்பதுக்கு முன் நான் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். மதாம் பிலோடோ விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தை வாசித்தார். ஒரு மாலுமி கப்பலிலிருந்து விலகக்கூடிய வழிகள்: துறைமுகத்தில் விடுப்பு, ஓய்வு, ஓடிப்போதல், மரணம். மரணத்துக்கு எதிரே ‘மதிப்புடன், உடனடியாக விடுவிக்கப்படுவார்’ என்று இருந்தது.

றொக்சன் என் பக்கம் சாய்ந்தான். “அண்ணை, வடிவாக் கேளுங்கோ. ‘நீர்தானா விழுந்தது?’ எண்டு இப்ப உங்களைக் கேக்கப்போகினம். செத்தவையை உடன விடுவினமாம்.”

“வேலை போயிடுமேடா.”

“ஓடிப்போனாத்தான் பேர் கெடும். செத்தா நல்ல பேரண்ணை.”

காப்டன் கேட்டார். “கரிமாலுமி, கடலில் விழுந்தவர் நீர்தானா?”

அண்ணை, அந்த ஒரு முறைதான் நான் யோசித்துச் சொன்னேன்.

“ஓம்” என்றேன்.

“மறுபடியும் உறுதிப்படுத்தினார்” என்று மதாம் பிலோடோ எழுதினார். எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. ஒருவர் என் முதுகில் தட்டித் துக்கம் தெரிவித்தார்.

அப்படியே போய்விடலாம் என்று எண்ணினேன். இறுதிச் சடங்குக்கு எல்லா மாலுமிகளும் நிற்க வேண்டும் என்றார்கள். நான் இறந்தவன் அல்லவா என்றேன். இறந்தவர் இல்லாமல் சடங்கு எப்படி என்றார்கள். என் நிறைக்குச் சரியாகக் கரியை அள்ளி, தொங்குபடுக்கைத் துணியில் வைத்துத் தைத்தார்கள். அதற்கு மேல் கொடியைப் போர்த்தினார்கள். காப்டன் பதினொரு நிமிடம் பேசினார். அதில் ஒன்பது நிமிடம் தான் இந்தப் பதவிக்கு வந்த வரலாறு. முடிவில் தொப்பியைக் கழற்றினார். “அவருடைய பெயரை நான் உச்சரிக்கக் கற்றுக்கொள்ளும் முன்னரே கடல் அவரை எடுத்துக்கொண்டது” என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

“அழாதேங்கோ அண்ணை, செத்தவர் அழுதா அதையும் எழுதிப்போடுவினம்” என்று றொக்சன் முணுமுணுத்தான்.

கரி மூட்டையை ஆற்றில் போட சுற்றாடல் அனுமதி இல்லை. நீருக்கு இரண்டு சாண் மேலே வரை இறக்கி, ஒரு நிமிடம் மௌனம் காத்து, திரும்ப இழுத்தெடுத்தார்கள். அடுத்து இறந்தவரின் உடைமைகள். சாப்பாட்டுப் பெட்டியை வழக்கப்படி தோழர்கள் பகிர்ந்துகொண்டார்கள். காப்டன் பங்குக்குப் புட்டும் கட்டைச் சம்பலும் வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, “துணிச்சலான மனிதர்” என்று கண்ணைத் துடைத்தார். மிச்சம் எல்லாம் உறவினருக்கு, அதாவது உங்களுக்கு. பட்டியல் போட்டுப் பொதி கட்டினார்கள். போன் 1910இல் இல்லாத பொருள் என்பதால் ‘கறுப்புக் கண்ணாடித் துண்டு, சிறியது, ஒன்று’ என்று எழுதினார்கள். என் கண் முன்னே நீல ஜாக்கெட்டையும் மடித்து வைத்தார்கள்.

“அதை மட்டும் தாருங்கள், அது என் மனைவிக்கு” என்றேன்.

“இறந்தவர் உடைமையைக் கேட்க உமக்கு என்ன உரித்து?” என்றார் மதாம் பிலோடோ. கோபமாகக் கேட்கவில்லை. பட்டியலில் அப்படியொரு நிரல் இருந்தது.

மணி ஒன்று பத்து. நடைபாலத்துக்கு ஓடினேன். காவலில் நின்றவர் அனுமதிச் சீட்டுக் கேட்டார். இறந்துவிட்டேன் என்றேன். இறந்தவர் நடந்து போவதற்கு அவருடைய ஏட்டில் இடம் இல்லை. கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு ‘பறவை ஒன்று மேற்கு நோக்கிப் பறந்தது’ என்று எழுதி வழிவிட்டார்.

மெற்றோவில் லியோனல்-குறூ வரை போய், 747 இலக்க பஸ்ஸைப் பிடித்தேன். நான் போட்டிருந்தது கப்பல் உடுப்பு. அகலமான கழுத்துப்பட்டி, பித்தளைப் பொத்தான் வைத்த தடித்த கம்பளிக் கோட்டு. பஸ்ஸில் ஒரு பிள்ளை என்னோடு நின்று படம் எடுத்தது. கையில் போன் இல்லை. விமானம் முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் அறிய வழி இல்லை. வழி முழுக்க நினைத்தேன், நாங்கள் வந்த கப்பலிலும் இதே பயம்தான். போய்ச் சேர்கிற இடத்தில் நம்மை யார் என்று எழுதுவார்கள் என்ற பயம்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் கதவால் வந்தாள். மெல்லிய கார்டிகன், காலில் செருப்பு, தள்ளுவண்டியில் இரண்டு பெட்டி. என்னைப் பார்த்தாள். என்னைத் தாண்டிப் பின்னால் தேடினாள். திரும்ப என் முகத்துக்கு வந்தாள்.

“இதென்ன கோலமப்பா? பாண்ட் வாசிக்கிறனியளே?”

“வேலை உடுப்பு.”

“கத்திப்போட்டு போனை நிப்பாட்டிப் போட்டியள். பேந்து எடுத்தா ஒருத்தரும் இல்லை. வரமாட்டியளெண்டு நினைச்சிட்டன்.” குரல் உடைந்தது. அதை மறைக்க உடனே விசாரணை தொடங்கினாள். “லீவு தந்தவையோ?”

“இல்லை. செத்துத்தான் வந்தனான்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதால் நான் திருத்தவில்லை. வெளிக்கதவு திறந்து குளிர் உள்ளே அடித்தது. அவளுக்குப் பல்லுக் கிட்டியது. நீல ஜாக்கெட் உங்களிடம் வின்னிபெக்குக்குப் புறப்பட்டுவிட்டதால், கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். முழங்காலுக்குக் கீழே வரை வந்தது.

“நீங்கள் சுகமாத்தானே இருக்கிறியள்?” என்று கேட்டாள்.

சொல்லுமுன் பக்கத்தில் ஏதாவது குழாய் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். பிறகு மெல்லச் சொன்னேன், “ஓம்.”

நடந்தது இவ்வளவுதான், அண்ணை. இனி உங்களால் ஆக வேண்டிய இரண்டு காரியம். முதலாவது, பொதி வந்ததும் ஜாக்கெட்டையும் கறுப்புக் கண்ணாடித் துண்டையும் திருப்பி அனுப்புங்கள். புஷ்பராணி இன்னமும் அந்தக் கோட்டோடுதான் கடைக்குப் போகிறாள். லாசாலில் சனம் அவளுக்கு சலூட் அடிக்கத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது. சபை பத்திரிகையில் விளம்பரம் போட்டிருக்கிறது. ‘கடலில் ஏற்பட்ட மரணம் காரணமாக வெற்றிடம்: மூன்றாம் வகுப்புக் கரிமாலுமி. கடல் அனுபவமுள்ளவர் விரும்பப்படுவர்.’ நான் விண்ணப்பித்தேன். நேற்று நேர்முகத் தேர்வுக்குப் போனேன். காப்டன் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “முன்பு இங்கே ஒருவர் இருந்தார், உமது நாட்டவர். அருமையான மனிதர். அவருடைய இடத்தை நிரப்புவது கடினம்” என்றார். முயற்சி செய்வேன் என்றேன். மதாம் பிலோடோ மேசைக்குக் கீழே நான் போட்டிருந்த பழைய கப்பல் சப்பாத்தைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் எழுதவில்லை. அவரும் நல்ல மனுசிதான். அந்த வரியை வெட்டாமல் என்னைத் திரும்ப எடுக்க அவருக்கும் இது ஒன்றுதான் வழி.

சாட்சிக்கு உங்கள் பெயரையும் இலக்கத்தையும் கொடுத்திருக்கிறேன், ஆகவே போனைத் திரும்ப வேலை செய்ய வையுங்கள். அடுத்த கிழமை காப்டனே உங்களை அழைப்பார். இந்த ஆளைத் தெரியுமா, நல்லவனா, கடலில் இருந்தவனா என்று பிரெஞ்சில் கேட்பார். எல்லாவற்றுக்கும் ‘வுய்’ என்று சொல்லுங்கள். அண்ணியை போன் எடுக்க விடாதீர்கள். நீங்களும் மனம் நிறைந்து, நானூறு பேரையும் பிஸ்கற்றையும் நினைத்து, வாய் தவறி ‘ஓம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வின்னிபெக்கில் நீங்கள் எந்தச் சமுத்திரத்தில் விழுந்தீர்கள் என்று எனக்குக் கடிதம் வரும்.

உயிருடனும் அன்புடனும்,
உங்கள் தம்பி
உருத்திரமூர்த்தி